வெந்த சோயாவில் என்ன இருக்கு? பாக்கெட் கணக்கும் தட்டுக் கணக்கும்

திருநீர்மலையிலிருந்து இன்னொரு எபிசோட். பேசினதை வாசிக்கிற மாதிரி கொஞ்சம் திருத்தி, வெட்டி ஒட்டி இங்கே போட்டிருக்கேன்.

ப்ரோட்டீன் பவுடர் பத்தி பேசினதுக்கு அப்புறம் நிறைய மெசேஜ் வந்துச்சு. அதுல 3 கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. ஒண்ணு, பல்லாவரம் பக்கம் பிஜி ஹாஸ்டல்ல இருக்கிற ஒரு தம்பி கேட்டது: "அண்ணா, பவுடர் வாங்கக் கட்டுப்படியாகல. சோயா போதுமா?" ரெண்டாவது, "சோயா சாப்பிட்டா ஆம்பளைங்களுக்கு ஹார்மோன் மாறிடும்னு சொல்றாங்களே, உண்மையா?" மூணாவது, "அம்மாவுக்குத் தைராய்டு இருக்கு, வீட்டுல சோயா சமைக்கலாமா?"

மூணுக்கும் பதில் சொல்லிடலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கணும். சோயா பத்தி நாம பார்க்கிற நம்பர் எல்லாம் பெரும்பாலும் காய்ஞ்ச சோயாவோட நம்பர். நாம சாப்பிடறதோ வெந்த சோயா. இந்த ரெண்டுக்கும் நடுவுல தண்ணியும் இருக்கு, நெருப்பும் இருக்கு. தண்ணி கணக்கை மாத்துது. நெருப்பு சோயாவையே மாத்துது. இன்னைக்கு எபிசோட் முழுக்க இதைச் சுத்தித்தான்.

எந்த நம்பரை நம்பறது?

முதல்ல, நான் எந்தச் சோயாவைச் சொல்றேன்? மளிகைக் கடையில கிடைக்கிற, மஞ்சளா, காய்ஞ்ச பட்டாணி மாதிரி உருண்டையா இருக்குமே, அந்த விதை. சோயா மொச்சைன்னும் சொல்லுவாங்க. மீல் மேக்கரும் இதுல இருந்து வர்றதுதான். அதுக்குப் பின்னாடி வரேன்.

காய்ஞ்ச சோயா 100 கிராம்ல சுமார் 36 கிராம் புரதம் இருக்கு. யூட்யூப்ல தம்ப்நெயில்ல போடறது இந்த நம்பரைத்தான். ஆனா அந்த 100 கிராமை ஊற வச்சு வேக வச்சா, அது 200 கிராமைத் தாண்டிடும். கூடின எடை பூரா தண்ணி. அதனால வெந்த சோயா 100 கிராம் எடுத்தா அதுல சுமார் 17 கிராம் புரதம்தான் இருக்கும். புரதம் எங்கேயும் ஓடிப் போகல. வகுக்கிற எண் மாறிடுச்சு, அவ்வளவுதான்.

அப்போ 17 கிராம்ங்கறது குறைவா? இல்லவே இல்ல. வெந்த கொண்டைக்கடலை 100 கிராம்ல 9 கிராம் பக்கம். வெந்த துவரம்பருப்புல 7 கிராம் பக்கம். சாதத்துல 3 கிராம்கூட இல்ல. ஒப்பிடணும்னா வெந்ததை வெந்ததோட ஒப்பிடணும். காய்ஞ்ச சோயாவையும் அவிச்ச முட்டையையும் பக்கத்துல வச்சு, "பாருங்க, முட்டையை விட 3 மடங்கு"ன்னு சொன்னா அது பெஞ்ச்மார்க் இல்ல, மார்க்கெட்டிங்.

அதே 100 கிராம் வெந்த சோயாவுல வேற என்ன இருக்கு? சுமார் 170 கலோரி. 9 கிராம் கொழுப்பு, அதுல பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. 6 கிராம் நார்ச்சத்து. 5 மில்லிகிராம் இரும்பு. 100 மில்லிகிராம் கால்சியம். மத்த பருப்புல கொழுப்பு ரொம்பக் கம்மி, மாவுச்சத்து அதிகம். சோயாவுல இது தலைகீழ். அதனாலதான் உலகம் முழுக்க இதை எண்ணெய் வித்தா வச்சு வியாபாரம் பண்றாங்க.

இப்போ மீல் மேக்கர். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சற சோயா மாவை, சூட்டுலயும் அழுத்தத்துலயும் மெஷின்ல தள்ளி உருண்டையாக்கறாங்க. எண்ணெய் போயிட்டதால புரதத்தோட பங்கு ஏறி, பாக்கெட்ல 100 கிராமுக்கு 52 கிராம்னு போட்டிருக்கும். அது உண்மைதான். ஆனா சுடுதண்ணியில போட்டுப் பிழிஞ்சா எடை 3 மடங்கு பக்கம் ஆகிடும். அப்போ உங்க தட்டுல விழற 100 கிராம் மீல் மேக்கர்ல இருக்கறதும் கிட்டத்தட்ட அதே 17 கிராம்தான். முழு சோயாவுக்கும் இதுக்கும் முக்கியமான வித்தியாசம் என்னன்னா, இதுல அந்த நல்ல கொழுப்பு கிடையாது. சமைக்கற நேரம் மிச்சம்.

பச்சையா ஏன் கூடாது?

ஜிம்முக்குப் போற பசங்க காலையில ஊற வச்ச கொண்டைக்கடலையைப் பச்சையா மெல்லறதைப் பார்த்திருப்பீங்க. "அதே மாதிரி சோயாவையும் ஊற வச்சு அப்படியே சாப்பிடலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். சாப்பிடாதீங்க. மிக்ஸியில அரைச்சு ஷேக்குல கலக்கவும் வேண்டாம்.

காரணம் இதுதான். நாம சாப்பிடற புரதம் ஒரு நீளமான சங்கிலி. குடல்ல அதைத் துண்டு துண்டா வெட்டற நொதிகள்ல முக்கியமானது டிரிப்சின். பச்சை சோயாவுல இந்த டிரிப்சினைப் பிடிச்சு முடக்கற ஒரு பொருள் இருக்கு. டிரிப்சின் தடுப்பான்னு சொல்லுவாங்க. செடியோட கோணத்துல பார்த்தா இது ஒரு செக்யூரிட்டி ஃபீச்சர், விதையைத் தின்ன வர்ற பூச்சிக்கும் விலங்குக்கும் எதிரா. நம்ம கோணத்துல, 36 கிராம் புரதம் உள்ளே போகும், ஆனா பிரிக்கற ஆள் கட்டிப் போடப்பட்டிருப்பான். வயிறு கனக்கும், வாயு வரும், புரதமும் முழுசா உடம்புல சேராது.

இதைக் கண்டுபிடிச்ச கதை பழசு. 1917-ல அமெரிக்காவுல ஆஸ்போர்ன், மெண்டல்னு ரெண்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குச் சோயா கொடுத்துப் பார்த்தாங்க. பச்சை சோயா தின்ன எலிகள் சரியா வளரல. வேக வச்ச சோயா தின்ன எலிகள் நல்லா வளர்ந்துச்சு. அதே விதை, அதே புரதம். நடுவுல சூடு மட்டும்தான் வித்தியாசம். அந்தத் தடுப்பான் தானே ஒரு புரதம்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது. 1940-கள்ல குனிட்ஸ்ங்கறவர் அதைத் தனியாப் பிரிச்சு எடுத்தார். புரதமா இருக்கறதால, சூடு பட்டா அதோட மடிப்பு அவிழ்ந்து போகும். முட்டை வெள்ளைக்கரு சூட்டுல கெட்டியாகறதும் இதே மாதிரி மடிப்பு அவிழறதாலதான். மடிப்பு அவிழ்ந்துட்டா அதால டிரிப்சினைப் பிடிக்க முடியாது.

அதனால சோயாவைப் பொறுத்தவரை வேக வைக்கறது ருசிக்காக மட்டும் இல்ல. வேகாத சோயாவோட புரத நம்பர் காகிதத்துல மட்டும்தான் இருக்கு.

எப்படி வேக வைக்கறது?

எங்க வீட்டுல செய்யற முறையைச் சொல்றேன். 4 படி.

ஒண்ணு, ராத்திரி நிறைய தண்ணி விட்டு ஊற வைங்க. 8 மணி நேரமாவது ஊறணும். ரெண்டு, காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. வாயு உண்டாக்கற சில சர்க்கரைகள் அதுல கொஞ்சம் இறங்கியிருக்கும். மூணு, புதுத் தண்ணி விட்டுக் குக்கர்ல வைங்க. கொண்டைக்கடலையை விட நேரம் கூட ஆகும். 5, 6 விசில் வந்ததும் அடுப்பைச் சிம்ல வச்சு இன்னும் 15 நிமிஷம் விடுங்க. விரல்ல நசுக்கினா மசியணும். மசியலைன்னா திரும்ப வைங்க. நாலு, புளி, தக்காளி, எலுமிச்சை எதுவா இருந்தாலும் வெந்த பிறகுதான். புளிப்பு முதல்லயே சேர்ந்தா விதை மெதுவாகாது.

ஒரு எச்சரிக்கை. சோயா நிறைய நுரைக்கும், தோலும் மேலே மிதக்கும். குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பாதீங்க. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டா நுரை அடங்கும். தோல் வந்து ஆவி போற துவாரத்தை அடைச்சுக்கக் கூடாது.

சோயாவுல ஒரு பச்சை வாசனை வருதுன்னு நிறைய பேர் ஒதுக்கிடறாங்க. விதையைக் குளிர்ந்த தண்ணியோட அரைக்கும்போது ஒரு நொதி அங்கே இருக்கிற எண்ணெயோட வினை புரியும். அந்த வாசனை அதுல வர்றது. அதுக்குத்தான் அரைக்கறதுக்கு முன்னாடி கொதிக்கற தண்ணியில போட்டு எடுக்கணும். சுண்டலுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல. கடுகு, பெருங்காயம், தேங்காய், மாங்காய்த் துண்டு போட்டுத் தாளிச்சா, கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடற யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

நம்ம நாட்டுக்கு எப்படி வந்தது?

சீனாவுலயும் ஜப்பான்லயும் சோயாவை யாரும் பெரிசா அப்படியே அவிச்சுச் சாப்பிட்டு வாழல. டோஃபு, மிசோ, நாட்டோன்னு பதப்படுத்திப் பழகினாங்க. இந்தோனேசியாவுல டெம்பே. நம்மகிட்ட அந்தப் பழக்கம் இல்ல. நமக்குத் துவரை, உளுந்து, பயறு இருந்தது. சோயா தேவைப்படல.

காந்தி இதுல ஆர்வம் காட்டினார். 1935-ல ஹரிஜன் இதழ்ல சோயா பத்தி எழுதினார். வார்தாவுல மகன்வாடியில அவரோட இருந்தவங்க இதைச் சாப்பாட்டுல சேர்த்துப் பார்த்தாங்க. ஏழைக்குக் குறைஞ்ச செலவுல புரதம் கிடைக்குமாங்கறதுதான் அவரோட கேள்வி. ஆனா 1960-களுக்குப் பிறகு மத்தியப் பிரதேசத்துல சோயா பெரிய அளவுல வயலுக்கு வந்தப்போ, அது எண்ணெய் வித்தாத்தான் வந்தது. எண்ணெய் நம்ம அடுப்புக்கு. பிண்ணாக்குல பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கும் ஏற்றுமதிக்கும். முழு விதை சமையலறைக்கு வரவே இல்லன்னு சொல்லலாம்.

தமிழ்நாட்டுல சோயா தட்டுக்கு வந்த முக்கியமான இடம் ஸ்கூல். 1982-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில தொடங்கின சத்துணவுத் திட்டம் எல்லாருக்கும் தெரியும். 2013-ல ஜெயலலிதா ஆட்சியில, தினமும் சாதம் சாம்பார்னு இல்லாம கலவை சாத வகைகளைச் சோதனை முறையில தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டு போனாங்க. அந்த மெனுவுல 2-வது, 4-வது வாரம் செவ்வாய்க்கிழமை என்னன்னா, மீல் மேக்கர் காய்கறி சாதம், கூட மிளகு முட்டை.

இந்தத் தட்டைக் கொஞ்சம் கவனிங்க. அரிசி இருக்கு. சோயா இருக்கு. காய் இருக்கு. முட்டை இருக்கு. சோயாவை ஹீரோவாக்கி மத்ததை வெட்டல. இலங்கையிலயும் இதே யோசனைதான். 1970-கள்ல இருந்து கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கற திரிபோஷா மாவுல சோளமும் சோயாவும் சேர்ந்து வரும். தானியமும் பருப்பும் ஜோடியாத்தான் வருது.

ஏன் ஜோடி? புரதம்னா 20 வகை அமினோ அமிலங்களால ஆன சங்கிலி. அதுல 9 வகையை நம்ம உடம்பால செய்ய முடியாது, சாப்பாட்டுலதான் வரணும். அரிசியில லைசின் குறைவு. சோயாவுல லைசின் தாராளம். சோயாவுல மெத்தியோனின் கொஞ்சம் குறைவு. அரிசியில அது பரவாயில்ல. சேர்த்துச் சாப்பிட்டா ஒண்ணோட குறையை இன்னொண்ணு மூடும். இட்லியில அரிசியும் உளுந்தும் சேர்ற மாதிரிதான்.

தட்டுல எவ்வளவு?

இந்தியாவுக்கான பரிந்துரைப்படி, ஆரோக்கியமான ஒருத்தருக்கு உடல் எடையில ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 60 கிலோ எடைன்னா சுமார் 50 கிராம்.

பிஜி ஹாஸ்டல் தம்பியோட ஒரு நாளைத் தோராயமாக் கணக்குப் போடுவோம். காலையில 3 இட்லி, 6 கிராம். மதியம் 300 கிராம் சாதம், 8 கிராம். மெஸ் சாம்பார், அதுல பருப்பு எவ்வளவுன்னு நமக்கே தெரியும், 4 கிராம்னு வச்சுக்கலாம். பொரியல் 2. ரெண்டு டீயில இருக்கிற பால் 5. ராத்திரி 3 தோசை, 8. மொத்தம் 33 கிராம். வயிறு நிறைஞ்சிருக்கு, ஆனா 17 கிராம் குறையுது. வந்த 33-லயும் அரிசியோட பங்குதான் பெரிசு.

சாயங்காலம் டீக்கடையில சாப்பிடற பஜ்ஜிக்குப் பதிலா 100 கிராம் வெந்த சோயாச் சுண்டல் வந்தா? 17 கிராம். கணக்கு 50-ல வந்து நிக்குது. அதுக்குக் காய்ஞ்ச சோயா 45 கிராம் ஊற வச்சாப் போதும். தம்பியோட கேள்விக்கு இதுதான் பதில்: சாதாரணத் தேவைக்குப் பவுடர் வேண்டாம், இது போதும்.

ஆனா "போதும்"ங்கறது அந்தப் பள்ளத்தை நிரப்பப் போதும்ங்கற அர்த்தத்துல. சோயாவுல பி12 கிடையாது. அதுக்குப் பால், தயிர், முட்டை, மீன் வேணும். வைட்டமின் சி பேருக்குத்தான் இருக்கும். அதுக்குக் காயும் பழமும் வேணும். அதனால தினமும் சோயா மட்டும்னு போகாதீங்க. வாரத்துல 2, 3 நாள் சோயா, மத்த நாள்ல பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, முட்டைன்னு சுத்தி வாங்க.

இரும்பைப் பத்தித் தனியாச் சொல்லணும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! உங்க ஆபீஸ்ல, உங்க வீட்டுல இருக்கிற பெண்களை எண்ணிப் பாருங்க. வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கறாங்க. 100 கிராம் வெந்த சோயா அதுல 5 தருது, ஆறுல ஒரு பங்கு. அதுவும் முழுசா உடம்புல சேராது, ஏன்னா விதையில இருக்கிற ஃபைடேட் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். எலுமிச்சை பிழிஞ்சாலோ, கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டாலோ சேர்றது கூடும். சாப்பிட்ட உடனே காபி, டீ குடிச்சா குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. ரத்தசோகைன்னு டெஸ்ட்ல வந்திருந்தா சுண்டலை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. ரெண்டும் வேணும்.

ஹார்மோன் பயம்

சோயாவுல ஐசோஃப்ளேவோன்னு ஒரு பொருள் இருக்கு. அதோட வடிவம் ஈஸ்ட்ரோஜனை ஒத்திருக்கும். பயம் ஆரம்பிச்சது அங்கேதான். ஆனா ஒத்திருக்கறதும் ஒண்ணா இருக்கறதும் வேற. உடம்புல அது காட்டற வேலை ரொம்பப் பலவீனம். ஆண்கள் மேல நடந்த பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து 2010-ல ஒரு தொகுப்பாய்வு வந்தது. 2021-ல இன்னும் அதிக ஆய்வுகளோட அதைப் புதுப்பிச்சாங்க. ரெண்டுலயும் ஒரே முடிவு: சோயா சாப்பிடறதால டெஸ்டோஸ்டிரோன் குறையல.

அப்போ அந்தச் செய்தி எங்கேயிருந்து வந்தது? 2008-ல மருத்துவ இதழ்ல பதிவான ஒரு நோயாளி இருக்கார். 60 வயசு ஆண், மார்பு வீங்கி வந்தார். தினமும் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால் குடிச்சிருக்கார். நிறுத்தினதும் சரியாச்சு. 3 லிட்டர்! ஒரு கிண்ணம் சுண்டலுக்கு அந்தக் கதையைப் பொருத்த முடியாது.

தைராய்டு இருந்தா?

இது எங்க வீட்டுக் கேள்வியும்கூட. அம்மா பல வருஷமாத் தைராய்டு மாத்திரை எடுக்கறாங்க. சோயா வாங்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டோம். அவர் சோயாவைத் தடுக்கல, நேரத்தைத்தான் பார்க்கச் சொன்னார். லெவோதைராக்சின் மாத்திரை குடல்ல உறிஞ்சப்படறதைச் சோயா குறைக்கலாம். அதனால அம்மா விடியக்காலை வெறும் வயித்துல மாத்திரை, சோயா மதியமோ சாயங்காலமோதான். இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தா அதுக்கும் 4 மணி நேர இடைவெளி. புதுசாச் சோயாவை வழக்கமாக்கினா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, தேவைப்பட்டா டிஎஸ்ஹெச் பார்ப்பார்.

சோயா அலர்ஜி இருக்கறவங்க தொடவே கூடாது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தாலோ, ஆக்சலேட் கல் வந்திருந்தாலோ, கேட்டுட்டுச் சாப்பிடுங்க. சோயாவுல ஆக்சலேட் அதிகம்.

கடையில போடவேண்டிய கணக்கு

விலை நான் சொல்லப் போறதில்ல, வாரா வாரம் மாறுது. ஃபார்முலா தரேன். விலையைப் புரத கிராமால வகுங்க. வகுக்க வேண்டிய எண்கள் இவை: காய்ஞ்ச சோயா 1 கிலோ, 360. மீல் மேக்கர் 1 கிலோ, 520. துவரம்பருப்பு 1 கிலோ, 220. முட்டை ஒண்ணு, 6. அரை லிட்டர் பால் பாக்கெட், 16. பவுடர் டப்பாவுக்கு அதோட லேபிளைப் பார்த்துக்கங்க. பம்மல் மளிகைக் கடையோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையோ, போன்ல கால்குலேட்டரைத் திறந்து ஒரு தடவை போட்டுப் பாருங்க. ஒரு கிராம் புரதத்துக்கு எத்தனை பைசான்னு தெரிஞ்சிடும்.

உங்களுக்கு வந்த நம்பரை அனுப்புங்க, எந்த ஏரியான்னும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல எல்லாத்தையும் ஒரே ஷீட்ல போட்டுப் பேசுவோம். அது வரைக்கும், ராத்திரி ஒரு கைப்பிடி ஊற வச்சுட்டுத் தூங்குங்க.